வாசல் வரை வந்து திரும்பிய மருந்து

என் வெள்ளையக்காவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதுகிறேன். நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் உன்னைப் பற்றி நான் பேசாத கூட்டம் இல்லை. உன்னோடு பேசியதுதான் இல்லை.

வாசகசாலைக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். "ஒங்க அக்கா கதைய எழுதிக் குடுங்க கம்பவுண்டரே. மேடையில சொல்லுவீகளே, அதே மாதிரி" என்று கேட்டார்கள். அது என்ன கதை என்று உனக்குத் தெரியாது. புற்றுநோய்க்காரிக்கு அம்மை போட்டது, புத்தி கெட்ட புருஷன் மருந்தைத் தடுத்தான், அவள் துடித்துச் செத்தாள் என்பதுதான் அந்தக் கதை. சிவகாசியில் மூன்று பகுத்தறிவுக் கூட்டத்திலும் சாத்தூரில் ஒரு கூட்டத்திலும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை மாலைகூடப் போட்டார்கள்.

அதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

தீப்பெட்டிக் கம்பெனிக்குள் பீடிக்கு இடமில்லை. புகையிலைக்கு யாரும் தடை சொல்வதில்லை. மரச் சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்களில் பாதிப்பேர் கன்னத்தில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டுதான் பொழுதை ஓட்டுவார்கள். பசி தெரியாது, கை ஓயாது. நீ இடது கன்னம். அங்கே புண் வந்தபோது வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரையைத் தின்று பார்த்துக்கொண்டாய். சிவகாசியில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அக்கா? திட்டுவேன் என்றா? திட்டியிருப்பேன்தான்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குள் கட்டி கழுத்துக்கு இறங்கிவிட்டது. கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்துக்கு நம் சனங்கள் வைத்த பேர் அது. கன்னத்துத் தோல் கறுத்து உரிந்தது. கட்டி கொஞ்ச நாள் சுருங்கிப் பிறகு முன்னைவிட வேகமாக வளர்ந்தது. பெரிய டாக்டர் அத்தானை வெளியே நிறுத்திவிட்டு என்னிடம் மட்டும் இங்கிலீஷில் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து அத்தானிடம், "ஒடம்பு தேறட்டும், பெறகு வரச் சொல்றாக" என்றேன். எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்!

அதற்குப் பிறகு விஸ்வநத்தத்தில் உங்கள் வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் வந்தேன். நான் ஊதா மருந்து கரைத்த தண்ணீரில் புண்ணைக் கழுவுவேன், அத்தான் உன் தலையைப் பிடித்துக்கொள்வார். அந்த வாடைக்கு அக்கம்பக்கத்தார் வாசலைத் தாண்டி வருவதில்லை. அத்தான் ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வாய் திறக்க வராததால் கஞ்சியும் மருந்தும் பாலாடையில்தான். கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல வலது கன்னத்தின் ஓரமாக அவரே ஊற்றுவார்.

அந்த மருந்துதான் உனக்கு எல்லாமாக இருந்தது. அபின் கலந்த தண்ணி மருந்து. டாக்டர் ஐயா அளவு சொல்ல, நான் என் கையால் கலந்து சீசாவில் ஊற்றிக் கொண்டுவருவேன். ஒரு நாளைக்கு நாலு வேளை. குடித்து அரைமணியில் உன் நெற்றிச் சுருக்கம் விடும். பேச்சு போய்விட்டதால், மருந்து வேண்டுமென்றால் உள்ளங்கையைப் பாலாடை மாதிரி குழித்துக் காட்டுவாய்.

நயா பைசா வந்து எல்லாரும் கணக்குத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், அக்கினி வெயிலில், உனக்கு அம்மை போட்டது. எங்கிருந்து ஒட்டியது? தெருப்பிள்ளைகளிடமிருந்தா? கம்பெனியிலிருந்து அத்தானோடு வந்ததா? என் சட்டையிலேயே நான் கொண்டுவந்தேனா? இதை நான் யாரிடம் கேட்பது?

அம்மை போட்ட இரண்டாம் நாள் செய்தி கேட்டதும் டாக்டர் ஐயாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அம்மைக்கு என்கிட்ட மருந்து கிடையாது சங்கரலிங்கம். நல்ல ஒடம்புன்னா பத்து நாள்ல தானா எறங்கிரும். இவங்களுக்கு அப்படி விடாது. சாப்பாடு இல்லாத ஒடம்பு, கரண்டு வெச்ச ஒடம்பு. நெஞ்சுல எறங்குனா அதோட சரி."

"மதுரைக்குக் கொண்டு போகட்டுமாய்யா?"

"எதுக்கு? அம்மையோட போனா அந்த வார்டுல சேக்க மாட்டாங்க. அங்க படுத்திருக்கிறவங்க எல்லாம் இதே மாதிரி சீவன் இல்லாதவங்க, ஒருத்தருக்கு ஒட்டுனா எல்லாருக்கும் ஆகும். வீட்லயே இருக்கட்டும். காப்பாத்துறது நம்ம கையில இல்ல. ரெண்டு வேலதான் நமக்கு. தண்ணி எறங்கணும். வலி மருந்து நிக்கக் கூடாது. இத்தன மாசம் குடிச்சது திடீர்னு நின்னா ஒடம்பு ஒதறும். அது இருக்கிற வலியவிடக் கொடும."

புது சீசாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டிலிருந்த சீசா அன்றோடு காலி என்று எனக்குக் கணக்குத் தெரியும். உச்சி வெயிலில் வந்து சேர்ந்தேன். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அத்தான் ஈர வேட்டியோடு வாசலில் நின்றார். அவருடைய அம்மா, நம் அத்தை, உள்ளே வாழை இலை விரித்து உன்னைக் கிடத்தி, வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"மாப்ள, கோவிச்சுக்கிறாத" என்றார் அத்தான். "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் மருந்து ஆகாதாம். மருந்து பட்டா முத்தெல்லாம் உள்ள எறங்கிருமாம். அம்மா சொல்லுது."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது பத்து வழி தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சண்டை.

"ஆத்தாளாவது கீத்தாளாவது! அது கிருமி. கண்ணுக்குத் தெரியாத கிருமி. எங்க ஆஸ்பத்திரிக்குத் தெனம் பத்துப் பேரு இதோட வாராக. அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் ஒங்க ஆத்தா ஒரே நேரத்துல போறாளாக்கும்?"

"ஏலே, அவ காதுல விழுதுலே" என்று அத்தை உள்ளிருந்து பதறினாள். "அவ வந்து படுத்திருக்கிற எடத்துல நின்னு இப்பிடிப் பேசாத. ஒனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

"கட்டினவள வலியில போட்டு வதைக்கிறதுக்குப் பேரு பக்தியா? நீங்க கொலகாரக!"

தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குக் குரல் இன்னும் ஏறியது. அத்தான் பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தவில்லை. "போயிரு மாப்ள. ஒங்க அக்காளுக்காகச் சொல்றேன், போயிரு" என்றார். போனேன். சீசா என் பையிலேயே இருந்தது. வழி நெடுக, இன்னும் நறுக்கென்று என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். உன்னைப் பற்றி யோசிக்கவில்லை அக்கா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேடையில் நான் இதைச் சொன்னதே இல்லை. அந்த வீட்டில் உனக்கு நடந்த கவனிப்பில் முக்கால்வாசி, டாக்டர் ஐயா சொன்னதேதான். மெல்லிய பழந்துணி, நிமிஷத்துக்கு ஒருதரம் இளநீர், கண்ட ஆளும் வந்து தொடாத காவல், பக்கத்தை விட்டு நகராத ஒரு ஆள். எந்த ஆஸ்பத்திரியில் இது கிடைத்திருக்கும்? குறையாக இருந்தது ஒன்றே ஒன்று. அது என் பையில் இருந்தது.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வந்து கூப்பிடட்டும் என்று இருந்தேன். நாலாம் நாள், கம்பெனியில் உனக்குப் பக்கத்துச் சட்டத்தில் குச்சி அடுக்குவாளே சீனியம்மாள், அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். தினமும் குளித்துவிட்டு உனக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

"வெள்ளையம்மாளுக்கு அருள் வந்திருக்கு தம்பி" என்றாள். "ஒடம்பு நிக்காம ஒதறுது. வேர்த்துக் கொட்டுது. கையக் குழிச்சுக் குழிச்சு நீட்டுறா. ஆத்தா கூழு கேக்குறான்னு நேத்துத் தெருவுக்கே காச்சி ஊத்துனாக."

அருள் இல்லை, அபின் நின்றுபோன உதறல் என்று எனக்குத் தெரியும். நீ நீட்டியது எதற்கு என்றும் தெரியும். நீ வலி தாங்காமல் கை நீட்ட, தெருவே வரிசையில் நின்று கூழ் குடித்திருக்கிறது. அதை அப்போதே சீனியம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டாமா? "அருளாம் அருள்!" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சீசாக்களைத் துடைக்கப் போய்விட்டேன். எழுத்து வாசனை இல்லாத பொம்பளைக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு. அவளுக்குப் புரிந்ததில் கால்வாசி எனக்குப் புரிந்திருந்தால் நீ அத்தனை நாள் கிடந்திருக்க மாட்டாய்.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். இன்னும் பெரிய தப்பு செய்வதற்காகப் போனேன். "சுகாதார இன்ஸ்பெக்டரக் கூட்டியாறேன். வண்டி வச்சுத் தூக்கிட்டுப் போவாக. அப்பத் தெரியும் ஒங்களுக்கு!" என்று தெருவில் நின்று கத்தினேன். அத்தான் கதவைச் சாத்தினார். அதற்குள் உன் முனகல் ஒன்று கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ஏழாம் நாள் காலை சீனியம்மாள் வந்தபோது என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன். உதறல் எதனால், கை நீட்டுவது எதற்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல? அங்கன போயி என்னதான் பேசுனீக?"

"கிருமின்னு சொன்னேன். கேக்கல."

"அம்ம போட்டவ கேக்குறது ஆத்தா கேக்குறது. நொங்கு கேட்டா நொங்கு, மாங்கா கேட்டா மாங்கா. இல்லன்னு சொல்ல எவனுக்கு நெஞ்சு வரும்? அவ மருந்து கேக்குறா, குடுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு என்ன கேடு?"

"பொய் சொல்லச் சொல்றீகளா?"

"இதுல பொய் என்ன இருக்கு? கேக்குறவ கேட்டுக்கிட்டுத்தான கெடக்கா?"

என்னிடமிருந்து சீசாவை வாங்கினாள். தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சீசாவின் கழுத்தில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டினாள். ஈரச் சேலையோடு விஸ்வநத்தம் வரை வெயிலில் நடந்தே போனாள். நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் எதிர்ச்சுவர் ஓரம் நின்றேன். கிட்டே போக முகம் இல்லை.

"தாயி, நீ கையக் குழிச்சது கூழுக்கு இல்ல, இதுக்குத்தான?" என்று வாசலில் நின்று உரக்கக் கேட்டாள் சீனியம்மாள். "ஆமான்னா அந்தக் கைய இன்னொருக்காக் காட்டு."

நீ காட்டியிருக்கிறாய். நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை, அத்தை "ஆத்தா!" என்று கூவியதுதான் கேட்டது. மறுப்பு ஒன்றும் வரவில்லை. அத்தான் வெளியே ஓடிவந்து சீசாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முனகல் குறைந்து குறைந்து நின்றுபோனது. ஏழு நாளில் நீ தூங்கிய முதல் தூக்கம் அது என்று சீனியம்மாள் வந்து சொன்னாள்.

ஒரு வார்த்தை. அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. நான் ஐந்து நாள் வீணாக்கினேன்.

எட்டாம் நாள் உனக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் ஐயா சொன்னபடி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அண்டாவை முற்றத்து வெயிலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் சூடேறுவதற்குள் நீ போய்விட்டாய். அந்தத் தண்ணீரிலேயே உன்னைக் குளிப்பாட்டினார்கள். அப்போதுதான் நான் உள்ளே வந்தேன். கை விரிந்து கிடந்தது.

மருந்து நிற்காமல் இருந்திருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய். டாக்டர் ஐயா இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆறுதல் இல்லை அது. போகப்போகிறவளுக்குக் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

பிறகு நான் மேடை ஏறினேன். அத்தானை எல்லா ஊரிலும் வைத்து வாங்கினேன். அத்தை அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். அத்தான் இன்னும் விஸ்வநத்தத்தில்தான், தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, அதே கம்பெனியில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவரோடு நான் ஏழு வருஷம் பேசவில்லை.

போன மாதம் விரலில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து வைத்துக் கட்டுவது என் வேலை. தலை குனிந்தே கட்டினேன். கட்டி முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சாத்தூர்ல நீ பேசுனதக் கேட்டேன் மாப்ள. பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் பேசுற" என்றார்.

நான் பஞ்சுத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அம்புட்டும் திட்டிட்டு அந்தச் சீசாவ ஏன் திரும்பக் கொண்டு போன? வாசல்ல வச்சிட்டுப் போவ, வச்சிட்டுப் போவன்னு ஒன் பையவே பாத்துக்கிட்டு நின்னேன். அம்மா கண்ணசர்ற நேரம் குடுத்திருப்பேன்."

"அத்தான்..."

"அவ கூழு கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? எட்டு மாசம் பாலாடை புடிச்சவன் நான். ஒன்னத் தேடி வரலாம்னா, அம்ம வீட்டுக்காரன் தெருவத் தாண்டக் கூடாது. சீனியம்மாகிட்டச் சொல்லி அனுப்பலாம்னா அம்மா பக்கத்தவிட்டு நகரல. நீயும் இன்ஸ்பெக்டரு, வண்டின்னு பயங்காட்டிட்ட. அவளத் தூக்கிட்டுப் போயி யாருமில்லாத எடத்துல போட்ருவாகன்னு கதவச் சாத்துனேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. ஏழு வருஷமாக விளங்காத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். கோபத்தில் மறந்துவிட்டேன் என்றேன். அது பொய். மறக்கவில்லை அக்கா. நான் சொல்வதைக் கேட்காத வீட்டுக்கு என் மருந்து எதற்கு என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு நொடி நன்றாக நினைவிருக்கிறது. உன்னைத் துடிக்க விட்டது அந்த நொடிதான். இதை அவரிடம் நேற்றுத்தான் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய் உலையில் இன்னும் ஒரு கை அரிசி போட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மலரில் போடட்டுமா என்று கேட்டேன். "ஒங்க அக்காளுக்கு எழுதுறத என்கிட்ட எதுக்குக் கேக்குற" என்றார்.

இப்போது வீடுவீடாக வந்து அம்மை குத்துகிறார்கள். நிறையப் பேர் கையை நீட்டுகிறார்கள், சிலர் கொல்லைப்புறமாக ஓடுகிறார்கள். அது பெரியம்மைக்கு. உனக்கு வந்த சின்னம்மைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. புற்றுக்கு அதே கரண்டு, அதே கறுத்த தோல்.

இன்று காலை திருத்தங்கலிலிருந்து ஆள் வந்தது. அச்சாபீசில் வேலை பார்த்தவர், தொண்டையில் புற்று, நம் மருந்துதான் குடிக்கிறார். மூன்று நாளாக அம்மை. வீட்டில் மருந்தை நிறுத்திவிட்டார்களாம். நாளைக்குப் போகிறேன். குளித்துவிட்டு, செருப்பில்லாமல் போவேன். ஆத்தா கேட்டாள், கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்வேன். கேட்டால் சரி. கேட்காவிட்டாலும், திட்டி விரட்டினாலும், சீசாவை அந்த வாசலில் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். உள்ளே யாரோ ஒருவர் என் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீ பட்டது பட்டதுதான். இனி எந்த வீட்டு வாசலிலிருந்தும் என் பையில் மருந்து திரும்பி வராது அக்கா.

உன் கூடப் பிறந்த தம்பி,
அத்தானுக்கு மச்சினன்,
சங்கரலிங்கம்